வியாழன் பிறந்த இடத்தில்தான் இருக்கிறதா? பெருங்கோள்களின் பிறப்பும் இடப்பெயர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைத்து வியாழனைக் காட்டினால், அதன் நான்கு பெரிய நிலவுகளையும் எண்ணி முடித்த கையோடு பிள்ளைகள் கேட்பது இதைத்தான்: "அது எப்படி அங்க வந்துச்சு?" 1995-க்கு முன்பு கேட்டிருந்தால், "அங்கேதான் பிறந்தது, அங்கேயே சுற்றுகிறது" என்று பெரும்பாலான வானியலாளர்கள் சொல்லியிருப்பார்கள். இன்று அப்படிச் சொல்ல முடியாது. கோள்கள் ஊர் மாறுகின்றன. சில மெல்ல நகர்ந்து போயின, சில தூக்கி எறியப்பட்டன. கடந்த நூறாண்டு வானியலில் என் மனதை மிகவும் கவர்ந்த மாற்றம் இது. அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

எந்தெந்தக் கோள்களைப் பெருங்கோள்கள் என்கிறோம்?

நம் சூரியக் குடும்பத்தில் நான்கு. பூமியின் நிறையை ஒன்று என்று வைத்துக்கொண்டால் வியாழன் 318, சனி 95, நெப்டியூன் 17, யுரேனஸ் 14.5. வியாழனும் சனியும் பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் வாயுக்களால் ஆனவை. யுரேனஸிலும் நெப்டியூனிலும் இந்த வாயுக்கள் மேல்போர்வை மட்டுமே. உள்ளே இருப்பது பெரும்பாலும் நீர், மீத்தேன், அமோனியா, பாறை. அதனால் இவ்விரண்டையும் பனிப் பெருங்கோள்கள் என்று தனியாகச் சொல்கிறோம்.

மற்ற ஏழு கோள்களையும் ஒரு தட்டில் வைத்து வியாழனை மறுதட்டில் வைத்தால், வியாழன் இரண்டரை மடங்கு கனம் காட்டும். வியாழன் கொஞ்சம் நகர்ந்தாலும் மற்ற எல்லாமே ஆடிப்போகும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

தூரங்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சுமார் 15 கோடி கிலோமீட்டரை இந்தப் பக்கம் முழுக்க ஓர் 'அலகு' என்கிறேன். வியாழன் 5.2 அலகு தூரத்தில் இருக்கிறது, சனி 9.5, யுரேனஸ் 19, நெப்டியூன் 30.

ஒரே இடத்தில் பிறந்த பூமி சிறுத்திருக்க, வியாழன் மட்டும் எப்படி இவ்வளவு பெருத்தது?

ஒரே வட்டில் பிறந்தன, ஒரே இடத்தில் அல்ல. சுமார் 457 கோடி ஆண்டுகளுக்கு முன் இளஞ்சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த ஒரு வட்டு சுழன்றுகொண்டிருந்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வாயு, மீதி தூசி. சூரியனுக்கு அருகே வெப்பம் அதிகம் என்பதால் நீர் ஆவியாகவே இருந்தது. பாறைத் தூசியும் இரும்பும் மட்டும்தான் திடப்பொருள்கள். ஏறத்தாழ 3 அலகு தூரத்துக்கு அப்பால் குளிர் போதுமான அளவு இருந்ததால் நீராவி பனித்துகளாக உறைந்தது. இந்த எல்லைக்குப் பனிக்கோடு என்று பெயர். அதைத் தாண்டினால், கோள் கட்டுவதற்கான சரக்கு திடீரென்று கூடிவிடுகிறது.

அங்கே பாறையும் பனியும் சேர்ந்து ஒரு கரு வளர்ந்தது. சிறு கருவும் சுற்றியுள்ள வாயுவைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் கரு பூமியைப் போல் சுமார் பத்து மடங்கு எடையை எட்டி, அது பிடித்து வைத்த வாயுவும் கருவுக்கு நிகராகத் திரண்டுவிட்டால், நிலைமை கைமீறிப் போகிறது. வாயுவின் எடையே மேலும் வாயுவை இழுக்கிறது; இழுக்க இழுக்க எடை கூடுகிறது. அதுவரை பல லட்சம் ஆண்டுகள் நிதானமாக வளர்ந்த கோள், அதன் பிறகு மிகக் குறுகிய காலத்தில் நூறு பூமிகளின் எடையைத் தாண்டுகிறது. 1980-ல் ஜப்பானின் ஹிரோஷி மிசுனோ இந்த வரம்பைக் கணக்கிட்டார். 1996-ல் ஜேம்ஸ் போலக்கும் குழுவினரும் முழு வளர்ச்சியையும் கணினியில் படிப்படியாகக் காட்டினார்கள்.

இதில் ஒரு கெடு இருக்கிறது. வட்டிலுள்ள வாயு என்றைக்கும் இருப்பதல்ல. இளம் விண்மீன்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்ததில், பெரும்பாலான வட்டுகள் 30 லட்சம் ஆண்டுகளிலிருந்து ஒரு கோடி ஆண்டுகளுக்குள் கரைந்துவிடுவது தெரிகிறது. அதற்குள் கருவைக் கட்டி முடித்துவிட்டால் வியாழன். கொஞ்சம் பிந்தினால் சனி. பந்தி முடிகிற நேரத்தில் வந்து சேர்ந்தவை யுரேனஸும் நெப்டியூனும். ஓரிரு பூமி எடையளவு வாயு கிடைத்ததோடு சரி. பூமியோ நிதானமாக, பல கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, வாயு போன பிறகுதான் வளர்ந்து முடிந்தது.

தூசி எப்படிக் கல்லாகி, கல் எப்படிக் கோளாகிறது?

புகைத்துகள் அளவிலுள்ள தூசிகள் மோதினால் ஒட்டிக்கொள்ளும். சில மில்லிமீட்டர், சில சென்டிமீட்டர் வரை இப்படி வளரலாம். அதற்கு மேல் சிக்கல். கூழாங்கற்கள் மோதினால் ஒட்டுவதைவிடச் சிதறுவதும் துள்ளுவதுமே அதிகம். அதோடு, வட்டிலுள்ள வாயு திடப்பொருள்களைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. அதனால் கற்களுக்கு எப்போதும் எதிர்காற்று. வேகம் குறைந்த கல் சூரியனை நோக்கிச் சரியும். பூமி இருக்கும் தூரத்தில் ஒரு மீட்டர் அளவுள்ள பாறை நூறு ஆண்டுகளில் சூரியனிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஸ்டூவர்ட் வைடன்ஷில்லிங் 1977-ல் காட்டினார். கோள் பிறக்கக் கோடி ஆண்டுகள் வேண்டும், கல்லுக்கோ ஆயுள் நூறு.

விடை 2005-ல் யூடினும் குட்மனும் செய்த கணக்கிலிருந்து பிறந்தது. எதிர்காற்றில் தனியாகப் போகும் கல்லைவிடக் கூட்டமாகப் போகும் கற்களுக்குத் தடை குறைவு. சைக்கிளில் காற்றை எதிர்த்து மிதிப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போவதைப் போல. ஓரிடத்தில் கொஞ்சம் கூட்டம் சேர்ந்தால் பின்னால் வருகிற கற்களும் அதில் சேரும். கூட்டம் அடர்ந்து, தன் ஈர்ப்பாலேயே ஒரே வீச்சில் பல கிலோமீட்டர் அகலக் கட்டியாகச் சுருங்கிவிடும். மீட்டர் அளவு என்ற கண்டத்தைத் தாண்டிக் குதிக்கும் வழி இது.

இப்படிப் பிறந்த ஒன்றை நாம் அருகில் பார்த்தும்விட்டோம். 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் நெப்டியூனுக்கு அப்பால் ஆரோக்கோத் என்ற சிறு உடலைக் கடந்தது. அப்பம் போன்ற இரண்டு கட்டிகள், நசுங்காமல், மிக மெதுவாகத் தொட்டு ஒட்டியிருந்தன. வேகமாக மோதியிருந்தால் அந்த வடிவம் மிஞ்சியிருக்காது.

கட்டி பெரிதான பிறகு, மிதந்து வரும் கூழாங்கற்களே அதற்கு உணவு. வாயுவின் தடையால் வேகம் குறைந்த கற்கள் கருவின் ஈர்ப்பில் சுலபமாகச் சிக்கும். 2010-க்குப் பிறகு வலுப்பெற்ற இந்த விளக்கம், வாயு தீர்வதற்குள் கரு எப்படி வளர்ந்து முடிந்தது என்ற பழைய தலைவலியைப் பெருமளவு தீர்த்துவிட்டது.

கரு இல்லாமலே பெருங்கோள் பிறக்க வழி உண்டா?

உண்டு. வட்டு போதுமான அளவு கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால், அதன் ஒரு பகுதி தன் எடையாலேயே உடைந்து நேரடியாகக் கோளாகச் சுருங்கலாம். 1997-ல் ஆலன் பாஸ் இந்த எண்ணத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். சில ஆயிரம் ஆண்டுகளே போதும் என்பதால் கெடு ஒரு பிரச்சினையே இல்லை.

என் கருத்து: பெரும்பாலான பெருங்கோள்களுக்குக் கருவழிதான் பொருந்துகிறது. இரும்பு போன்ற கனத் தனிமங்கள் அதிகமுள்ள விண்மீன்களைச் சுற்றித்தான் பெருங்கோள்கள் அதிகம் என்பது 2005-ல் ஃபிஷரும் வலென்டியும் வெளியிட்ட கணக்கெடுப்பில் தெளிவானது. சரக்கு அதிகமுள்ள இடத்தில்தான் கரு சீக்கிரம் வளரும். உடைந்து பிறப்பதாக இருந்தால் இந்தத் தொடர்பு இவ்வளவு வலுவாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜிஜே 3512 விண்மீன் யோசிக்க வைக்கிறது. சூரியனின் எடையில் எட்டில் ஒரு பங்குதான் அதன் எடை. அதற்கு வியாழனின் எடையில் பாதியாவது கொண்ட ஒரு கோள். அவ்வளவு சிறிய விண்மீனின் வட்டில் கருவுக்கான சரக்கு எங்கிருந்து வரும்?

வியாழன் எப்போது பிறந்தது என்று எப்படித் தெரியும்? யாரும் பார்க்கவில்லையே?

விண்கற்கள் பார்த்திருக்கின்றன. பூமியில் விழுந்த விண்கற்களின் மாலிப்டினம், டங்ஸ்டன் ஐசோடோப்புகளை அளந்தபோது அவை இரண்டு குடும்பங்களாகத் தெளிவாகப் பிரிந்தன. ஒரே காலத்தில், ஒரே வட்டில் உருவான இரண்டு கூட்டங்கள், நடுவில் சுவர் எழுப்பியதைப் போல ஒன்றோடொன்று கலக்காமல் இருந்திருக்கின்றன. வளர்ந்து வந்த வியாழன்தான் அந்தச் சுவர் என்று தாமஸ் குரூயர் குழுவினர் 2017-ல் வாதிட்டார்கள். அவர்கள் கணக்கில், சூரியக் குடும்பத்தின் முதல் திடப்பொருள்கள் உருவாகிப் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளாகவே வியாழனின் கரு இருபது பூமிகளின் எடையை எட்டிவிட்டது. அப்படியானால் கோள்களில் மூத்தது வியாழன்தான். கையில் ஏந்தக்கூடிய ஒரு கல்லிலிருந்து ஒரு கோளின் பிறந்தநாளை எடுத்திருக்கிறார்கள் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்ப்பு அடங்குவதில்லை.

அந்தக் கரு இன்னும் வியாழனுக்குள் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் மாங்கொட்டை போல இறுகிய உருண்டையாக அல்ல. 2016 ஜூலையில் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலம் அதன் ஈர்ப்பை நுட்பமாக அளந்தது. கனத் தனிமங்கள் நடுவிலிருந்து ஆரத்தின் கணிசமான பகுதி வரை வாயுவோடு கலந்து பரவிக் கிடக்கின்றன. சனியும் அப்படியே: காசினி விண்கலம் படம்பிடித்த வளையங்களின் நுண்ணிய அலைகளை வைத்து, அதன் கலங்கிய கரு ஆரத்தில் சுமார் 60 சதவீதம் வரை பரவியிருப்பதாக 2021-ல் கணித்தார்கள். இளமையில் ஒரு பெரிய கோள்கரு வந்து மோதியதில் வியாழனின் கரு கலைந்தது என்பது ஒரு விளக்கம். வளரும்போதே கல்லும் வாயுவும் சேர்ந்தே விழுந்தன என்பது இன்னொன்று.

வேறெங்காவது கோள் பிறப்பதை நேரில் பார்க்க முடிகிறதா?

முடிகிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள ஆல்மா தொலைநோக்கி அணி 2014-ல் எச்எல் டாரி என்ற இளம் விண்மீனைப் படம் எடுத்தது. பத்து லட்சம் ஆண்டு வயதுகூட நிரம்பியிருக்காத அந்த வட்டில், இசைத்தட்டின் வரிகளைப் போல ஒளிவளையங்களும் இருண்ட இடைவெளிகளும். வளரும் கோள்கள் அந்த இடைவெளிகளை உழுதிருக்கலாம்.

அதைவிட நேரடியான சாட்சி, சுமார் 370 ஒளியாண்டு தூரத்தில் உள்ள பிடிஎஸ் 70. அதன் வட்டின் நடுவே உள்ள அகன்ற வெற்றிடத்தில் 2018-ல் ஒரு கோளும் 2019-ல் இன்னொன்றும் நேரடிப் படத்தில் சிக்கின. ஹைட்ரஜன் வாயு இன்னும் அவற்றின்மேல் விழுந்துகொண்டிருப்பது அவற்றின் ஒளியில் தெரிகிறது. இரண்டாவது கோளைச் சுற்றி, நிலவுகள் பிறக்கக்கூடிய தனி வட்டே இருப்பதை 2021-ல் ஆல்மா காட்டியது.

கோள்கள் நகரும் என்ற எண்ணம் எப்படி வந்தது?

1995 அக்டோபரில், சுவிட்சர்லாந்தின் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனுக்கு ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள். வியாழனின் எடையில் ஏறத்தாழ பாதி. அதன் ஓர் ஆண்டு 4.2 நாள்! விண்மீனிலிருந்து தூரம் 0.05 அலகுதான், புதன்கூட அதைப்போல் ஏழெட்டு மடங்கு தள்ளி இருக்கிறது. கோளின் மேற்பரப்பு ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும். பனிக்கோட்டுக்கு அப்பால் பிறக்க வேண்டிய கோள் அடுப்புக்குள் எப்படி வந்தது? இந்தக் கண்டுபிடிப்புக்காக இருவரும் 2019-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. விடை அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தது. 1980-ல் பீட்டர் கோல்ட்ரைக்கும் ஸ்காட் டிரெமெய்னும், வட்டோடு உள்ள ஈர்ப்பு உறவால் வியாழனின் பாதை சில ஆயிரம் ஆண்டுகளிலேயே கணிசமாக மாறியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதற்கும் முன்பு, 1952-லேயே, விண்மீனை ஒட்டிச் சுற்றும் பெருங்கோள்கள் இருக்கக்கூடும், இருந்தால் கண்டுபிடிப்பது எளிது என்று ஓட்டோ ஸ்ட்ரூவ எழுதினார். நம் சூரியக் குடும்பம் ஒன்றையே பார்த்துப் பழகிய கண்கள் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விட்டன.

வட்டு ஒரு கோளை எப்படி நகர்த்துகிறது?

வட்டில் உள்ளே இருப்பது வேகமாகவும் வெளியே இருப்பது மெதுவாகவும் சுற்றும். நடுவில் ஒரு கோள் இருந்தால், அதன் ஈர்ப்பு வட்டில் இருபுறமும் சுருள் அலைகளை எழுப்புகிறது. உட்புற அலை கோளுக்கு முன்னால் ஓடி அதை முன்னோக்கி இழுக்கிறது. கோளுக்குச் சுற்றும் உந்தம் கூடி வெளியே நகரப் பார்க்கும். வெளிப்புற அலை பின்தங்கி அதைப் பின்னுக்கு இழுக்கிறது. கோள் அந்த உந்தத்தை இழந்து உள்ளே சரியப் பார்க்கும். இரண்டு இழுப்புகளும் சமமாக இருப்பதில்லை. பெரும்பாலும் வெளிப்புறத்தின் கை ஓங்கி, கோள் சூரியன் பக்கம் போகும்.

கோள் பெரிதாகப் பெரிதாக இழுப்பும் கூடும். பத்து பூமி எடையுள்ள கரு, வட்டின் ஆயுளைவிட வெகு சீக்கிரமே உள்ளே விழுந்துவிடக்கூடும் என்று எளிய கணக்குகள் சொல்லின. அப்படியானால் பெருங்கோளே பிறந்திருக்க முடியாது என்று பலர் தலையில் கைவைத்தார்கள். வட்டின் வெப்பநிலையும் அடர்த்தியும் திடீரென மாறும் இடங்களில் இழுப்பு தலைகீழாகி, கோள் நின்றுவிடும் என்பது பிறகு தெரிந்தது.

வியாழன் அளவுக்கு வளர்ந்த கோள் தன் பாதையிலுள்ள வாயுவைத் துடைத்து ஒரு சந்து வெட்டிவிடுகிறது. அதன் பிறகு பயணம் நிதானப்படும்.

சூடான வியாழன்கள் எல்லாமே இப்படி மெல்ல நகர்ந்து வந்தவைதானா?

இல்லை. இங்கேதான் கதை கரடுமுரடாகிறது. விண்மீனை ஒட்டிச் சுற்றும் இத்தகைய பெருங்கோள்கள் சூரியனைப் போன்ற விண்மீன்களில் நூற்றுக்கு ஒன்றில் அல்லது அதற்கும் குறைவாகவே உண்டு. அவற்றில் சில, விண்மீன் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன. 2009-ல் அறிவிக்கப்பட்ட வாஸ்ப்-17 பி அவற்றுள் ஒன்று. மெல்ல வட்டோடு நகர்ந்து வந்த கோள் இப்படித் தலைகீழாகச் சுற்ற வேண்டிய காரணமில்லை.

வாயு கரைந்தபின் இரண்டு மூன்று பெருங்கோள்கள் நெருக்கமாக மிஞ்சினால் அவற்றின் ஈர்ப்புகள் ஒன்றையொன்று குலைக்கும். ஒன்று வெளியே வீசப்படும். மற்றொன்று நீண்ட நீள்வட்டப் பாதைக்குத் தள்ளப்படும். அல்லது தூரத்தில் சாய்வான பாதையில் சுற்றும் துணை விண்மீன் ஒன்று, பல லட்சம் ஆண்டுகளில், கோள்பாதையின் சாய்வை நீட்சியாக மாற்றிவிடும். இந்த இரண்டாவது விளைவை ரஷ்யாவின் மிகயீல் லிடோவும் ஜப்பானின் யோஷிஹிடே கோசாயும் 1961, 62-ல் தனித்தனியே கண்டார்கள்.

எச்டி 80606 பி என்ற கோளைப் பாருங்கள். 111 நாளில் ஒரு சுற்று. தூரத்தில் போகும்போது 0.88 அலகு, அருகே வரும்போது 0.03. விண்மீனை நெருங்கும் சமயத்தில் ஆறு மணி நேரத்தில் அதன் வெப்பம் சுமார் 500 டிகிரி செல்சியஸிலிருந்து 1,200-க்கு ஏறியதை ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அளந்தது. ஒவ்வொரு நெருக்கத்திலும் விண்மீனின் ஈர்ப்பு கோளைப் பிசைகிறது. அந்தப் பிசைவில் பயண ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. காலப்போக்கில் பாதை சுருங்கி வட்டமாகும். ஒரு சூடான வியாழன் உருவாகிக்கொண்டிருப்பதையே பார்க்கிறோம்.

எதிர்ச்சான்றும் உண்டு. வாஸ்ப்-47 விண்மீனின் சூடான வியாழனுக்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு சிறு கோள்கள் அமைதியாகச் சுற்றுவது 2015-ல் தெரிந்தது. வீசியெறியப்பட்டு வந்த முரட்டுக் கோளாக இருந்தால் அந்தச் சின்னவற்றை விட்டுவைத்திருக்காது. எனவே இரு வழிகளும் மெய் என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் நம் வியாழன் ஏன் உள்ளே போய்விடவில்லை?

போய்த் திரும்பியிருக்கலாம். 2011-ல் கெவின் வால்ஷ் குழுவினர் முன்வைத்த கதை இது: வியாழன் சரிந்து சரிந்து 1.5 அலகு வரை, அதாவது இன்று செவ்வாய் சுற்றும் இடம் வரை, வந்தது. பின்னாலேயே சனி இன்னும் வேகமாக வந்து அதைப் பிடித்தது. வியாழன் மூன்று சுற்றும்போது சனி இரண்டு சுற்றும் ஒத்திசைவில் இரண்டும் பூட்டிக்கொண்டன. இரண்டின் சந்துகளும் ஒன்றாகிவிட்டன. இப்போது இழுப்புகளின் கணக்கு மாறியது: உட்புற வட்டின் கை ஓங்கி, இரண்டும் சேர்ந்து வெளியே திரும்பின.

இந்தக் கதை எதற்கு உதவுகிறது? செவ்வாயின் எடை பூமியில் பத்தில் ஒரு பங்குதான். அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய சரக்கை எல்லாம் வியாழன் வந்து வாரிப் போயிருந்தால் அது பொருந்துகிறது. ஆனால் செவ்வாயின் சிறுமைக்கு வேறு விளக்கங்களும் இருக்கின்றன. இந்தத் திரும்பல் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல நான் தயாரில்லை. சனி இல்லாமலிருந்தால் பூமியும் இல்லாமல் போயிருக்கலாம் என்ற சாத்தியத்தை மட்டும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

வாயு தீர்ந்த பிறகும் கோள்கள் நகர்ந்தனவா?

நகர்ந்தன. இதற்கான சான்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது: புளூட்டோ.

நெப்டியூன் மூன்று சுற்றும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்றும். பாதை நீண்டது, 17 டிகிரி சாய்ந்தது. நெப்டியூனின் பாதைக்கு உள்ளேயும் வந்து போகிறது. இருந்தும் இந்த மூன்றுக்கு இரண்டு தாளத்தால் இரண்டும் ஒருபோதும் நெருங்குவதில்லை. இது தற்செயலா? டெல்லியில் படித்து அமெரிக்கா சென்ற ரேணு மல்கோத்ரா 1993-ல் விடை சொன்னார். நெப்டியூன் முன்பு சூரியனுக்கு இன்னும் அருகே இருந்தது. அது வெளியே நகர்ந்தபோது அதன் தாளமும் கூடவே நகர்ந்து, வழியிலிருந்த புளூட்டோவைக் கொக்கிபோட்டு இழுத்துச் சென்றது. இழுக்க இழுக்கப் புளூட்டோவின் பாதை நீண்டது. இன்று அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதிலிருந்து, நெப்டியூன் குறைந்தது ஐந்து அலகு நகர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அதே தாளத்தில் சிக்கிய வேறு பல உடல்களும் பின்னால் கண்டுபிடிக்கப்பட்டன.

நெப்டியூனைத் தள்ளியது எது? எஞ்சிய பனிக்கட்டிகள். நெப்டியூன் ஒரு கட்டியை உள்ளே எறிந்தால், எதிர்விளைவாகத் தானும் ஒரு நூலளவு வெளியே நகரும். அந்தக் கட்டி கைமாறிக் கைமாறி வியாழனிடம் வந்தால், வியாழன் அதைச் சூரியக் குடும்பத்தை விட்டே வீசும். வீசியதற்கு விலையாகத் தான் கொஞ்சம் உள்ளே வரும். பல பூமி எடைக்கு இப்படிக் கட்டிகள் கைமாறினால் கோள்களே இடம் மாறிவிடும். 1984-ல் ஹூலியோ பெர்னாண்டஸும் விங் இப்பும் இதைக் கண்டிருந்தார்கள்.

2005-ல் பிரான்சின் நீஸ் நகர ஆய்வகத்தில் கூடிப் பணியாற்றிய நால்வர் (கோம்ஸ், லெவிசன், மொர்பிடெல்லி, சிகானிஸ்) இதை முழு நாடகமாக விரித்தார்கள். நான்கு பெருங்கோள்களும் முதலில் நெருக்கமாக இருந்தன. மெல்ல விலகிய சனியும் வியாழனும், வியாழன் இரண்டு சுற்றும்போது சனி ஒன்று சுற்றும் நிலையைக் கடந்தன. அந்த ஒரு கணத்தில் எல்லாப் பாதைகளும் குலைந்து, யுரேனஸும் நெப்டியூனும் பனிக்கட்டிக் கூட்டத்துக்குள் வீசப்பட்டன. அவர்களின் கணினிக் கணக்குகளில் ஏறத்தாழ பாதியில் அவ்விரண்டும் இடமே மாறிக்கொண்டன! நெப்டியூன் ஒருகாலத்தில் யுரேனஸுக்கு உள்ளே இருந்திருக்கலாம்.

இந்தக் குலைவு சந்திரனில் பெருங்குழிகள் விழுந்த 390 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று முதலில் சொன்னார்கள். இப்போது பலரும் அதைச் சூரியக் குடும்பத்தின் முதல் பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் வைக்கிறார்கள்.

ஐந்தாவது பெருங்கோள் ஒன்று இருந்ததாகச் சொல்கிறார்களே?

டேவிட் நெஸ்வோர்னி 2011-ல் சொன்னது. நான்கு கோள்களோடு கணக்கைத் தொடங்கினால் பெரும்பாலும் இன்றைய அமைப்பு வருவதில்லை, ஒன்று தொலைந்துபோகிறது. ஐந்தாக வைத்துத் தொடங்கி, நெப்டியூன் அளவுள்ள ஒன்றை வியாழன் வெளியே வீசுவதாக விட்டால் விடை வெகுவாகப் பொருந்துகிறது. நேரடிச் சான்று எதுவும் இல்லை. ஆனால் விண்மீன் இல்லாமல் தனியே அலையும் கோள்கள் நம் பால்வீதியில் இருப்பதை ஈர்ப்புவில்லை முறையில் (பின்னாலுள்ள விண்மீனின் ஒளியை இடையில் வரும் கோளின் ஈர்ப்பு வளைப்பதை வைத்து) கண்டிருக்கிறோம். நம் கோள் ஒன்றும் அப்படி அலைந்துகொண்டிருக்கலாம்.

பிரபவ முதல் அட்சய வரையான அறுபதாண்டுச் சுற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பாதை மாற்றத்தோடு தொடர்பு உண்டு, பலன்களோடு அல்ல. வியாழன் 11.86 ஆண்டில் ஒரு சுற்று. அதனால்தான் ஏறத்தாழ ஆண்டுக்கொரு குருப்பெயர்ச்சி. சனி 29.46 ஆண்டில் ஒரு சுற்று; அதனால் இரண்டரை ஆண்டுக்கொரு சனிப்பெயர்ச்சி. வியாழன் ஐந்து சுற்று முடிக்க 59.3 ஆண்டு, சனி இரண்டு சுற்று முடிக்க 58.9 ஆண்டு. வியாழனின் ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்ட அறுபதாண்டுக் கணக்கில் இந்த ஐந்துக்கு இரண்டு நெருக்கம் ஒளிந்திருக்கிறது. 2020 டிசம்பர் 21 அன்று இரண்டும் ஒட்டினாற்போல் தெரிந்தது நினைவிருக்கலாம். அப்படிச் சந்திப்பது இருபது ஆண்டுக்கு ஒருமுறை. மூன்றாவது சந்திப்பில் ஏறத்தாழ பழைய வானப்பகுதிக்கே திரும்பிவிடும்.

தாளம் சரியாகப் பொருந்தாமல் மயிரிழையில் தவறுவதுதான் சுவையான செய்தி. அந்தத் தவறலால் இரண்டும் ஒன்றையொன்று ஒரே பக்கமாக நூற்றாண்டுக்கணக்கில் இழுத்து, பிறகு மறுபக்கம் இழுக்கின்றன. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, வியாழன் வேகம் கூடுகிறது, சனி வேகம் குறைகிறது என்று ஹாலி காலத்து வானியலாளர்கள் கவலைப்பட்டார்கள். சுமார் 900 ஆண்டுகளில் போய்த் திரும்பும் ஊசலாட்டம்தான் அது என்று 1780-களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் காட்டி அமைதிப்படுத்தினார். பஞ்சாங்கத்தில் நாம் பார்ப்பது, இரண்டுக்கு ஒன்று என்ற நிலையைக் கடந்து வந்து இந்த இடத்தில் தங்கிவிட்ட பாதைகளை.

வியாழன் பூமிக்குக் காவல் என்பது உண்மையா?

பாதி உண்மை. 1994 ஜூலையில் ஷூமேக்கர்–லெவி 9 வால்வெள்ளியைத் துண்டுதுண்டாக வாங்கிக்கொண்டதை உலகமே பார்த்தது. ஆனால் சிறுகோள் பட்டையிலிருந்து கற்களைப் பூமிப் பாதைக்கு அனுப்பி வைப்பதிலும் வியாழனுக்குப் பங்குண்டு. வெறும் காவலன் என்று பாடப்புத்தகம் சொல்வதை நான் திருத்தச் சொல்வேன்.

இப்போதும் நகர்கின்றனவா? இனி என்ன ஆகும்?

வேறு குடும்பங்களில், ஆம். வாஸ்ப்-12 பி 26 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. அந்த நேரம் ஆண்டுக்கு சுமார் 29 மில்லி விநாடி குறைந்துகொண்டே வருவதை அளந்திருக்கிறார்கள். இதே வேகத்தில் போனால் சில பத்து லட்சம் ஆண்டுகளில் அது தன் விண்மீனுக்குள் விழும்.

நம் பெருங்கோள்கள் நான்கும் சூரியனின் ஆயுள் வரை நிலையாகவே சுற்றும். ஆனால் வியாழனின் மெல்லிய இழுப்பால் புதனின் பாதை மிகவும் நீண்டுவிட, நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஜாக் லாஸ்கரும் மிக்கேல் காஸ்தினோவும் 2009-ல் 2,501 விதமாக எதிர்காலத்தைக் கணக்கிட்டுச் சொன்னது இது. அவற்றில் ஓரிரண்டில் உள்கோள்கள் மோதிக்கொள்ளும் அளவுக்கும் போயின.

சுமார் 500 கோடி ஆண்டுகள் கழித்துச் சூரியன் ஊதிப் பெருத்து, எடையில் பாதியை உதிர்க்கும். பிடி தளர்வதால் பெருங்கோள்களின் பாதைகள் ஏறத்தாழ இரட்டிப்பாகும்; வியாழன் இன்றைய சனியின் தூரத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் ஓட்டம் முடிவதில்லை. 2020-ல், சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில், பூமியைவிடச் சற்றே பெரிய ஒரு வெண் குறுமீனை (செத்த விண்மீனின் எஞ்சிய கரு) வியாழன் அளவுள்ள கோள் ஒன்று 1.4 நாளில் சுற்றுவது தெரியவந்தது. அந்த விண்மீன் ஊதியிருந்த காலத்தில் அவ்வளவு அருகே இருந்திருந்தால் அது விழுங்கப்பட்டிருக்கும். விண்மீன் செத்து அடங்கிய பிறகு, எங்கோ தொலைவிலிருந்து கிளம்பி அங்கே வந்திருக்கலாம்.